பன்னிரண்டாம் நம்பர் சீட்டு

கேரள எல்லையில், கோவிந்தாபுரம் செக்போஸ்டில் பஸ் நின்றது. எல்லாரும் இறங்கினார்கள், பையைத் திறந்து காட்டினார்கள், ஏறிவிட்டார்கள். இடுப்பைச் சுற்றிக் கடத்தல் அரிசியைக் கட்டிக்கொண்டு வந்த ஒரு அம்மாள்கூட அலுங்காமல் குலுங்காமல் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டாள். மாட்டிக்கொண்டது நான் ஒருத்திதான். காரணம், என் பையில் இருந்த பால்பவுடர் டின்.

"இதில் என்ன?" என்று கேட்டார் அதிகாரி. கிருஷ்ணன்குட்டி என்று பெயர். அவர் பேசிய மலையாளத்தை நான் தமிழில் தருகிறேன்.

"ஊசி."

"தையல் ஊசியா?"

"இல்லை. மனுஷனுக்குக் குத்துகிற ஊசி."

இப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. டின் முழுக்க மயிரிழை போல எஃகு ஊசிகள். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நுனியில் ஓட்டை இல்லை, மருந்து போகும் வழியும் இல்லை. பிறகு என் பாஸ்போர்ட்டைப் பார்த்தார். மலேசியா. அதற்கப்புறம் அவர் முகமே மாறிவிட்டது. பஸ் கிளம்பிப் போய்விட்டது. அரிசி அம்மாள் ஜன்னல் வழியாக எனக்குக் கை காட்டினாள். அந்த நிமிஷம் எனக்கு வந்த ஆத்திரத்தை எழுத முடியாது.

நான் பினாங்கில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். இருபது வருஷமாக ஆபரேஷன் அறையில் கத்தி, கத்தரி எடுத்துக் கொடுக்கிற வேலை. ஒரு வருஷமாக என் வலது கை காலையில் மரத்துப் போகிறது. கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரலும் என்னுடையவையே இல்லை என்பதுபோல் கிடக்கும். காப்பிக் கோப்பையை இடது கையால்தான் பிடிக்கிறேன். மணிக்கட்டைத் திறந்து நரம்பை விடுவித்துவிடலாம் என்று சர்ஜன் தேதியே குறித்துவிட்டார். அதே ஆஸ்பத்திரியில் இருக்கும் சீன டாக்டரோ, "அவசரப்படாதே, ஊசி போட்டுப் பார்க்கலாம்" என்கிறார். அவருடைய அப்பா தெருமுனையில் ஊசி வைத்தியம் பார்த்தவர். இவர் லண்டனில் படித்தவர். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நெளிகிற மனிதர். "ஊசி வேலை செய்யுமா?" என்று கேட்டால் ஆமாம் என்றும் சொல்ல மாட்டார், இல்லை என்றும் சொல்ல மாட்டார். "ஆராய்ச்சி நடக்கிறது" என்பார்.

அந்த ஆராய்ச்சிதான் என்னை இந்தச் செக்போஸ்டில் நிறுத்தியது. கொல்லங்கோட்டில் டாக்டர் மாத்யூ என்று ஒருவர், சீன டாக்டரோடு படித்தவர். இரண்டு வருஷமாக அக்குபங்ச்சர் ஊசி உண்மையில் வலியைக் குறைக்கிறதா என்று பரிசோதித்து வருகிறார். வேலை செய்து செய்து கை வலி வந்தவர்களில் பாதிப் பேருக்குச் சரியான இடத்தில் குத்துவார். மீதிப் பேருக்கு ஒரு விரல் தள்ளிக் குத்துவார். யாருக்கு எது என்று அவர்களுக்குத் தெரியாது. வலி குறைந்ததா என்று அளந்து பார்க்கும் ஆளுக்கும் தெரியக் கூடாது. அளக்கும் ஆள் நான்தான். சீட்டுக் குலுக்கிப் போட்டு சீன டாக்டர் தயாரித்த பட்டியலின் ஒரு நகல் மாத்யூவிடம். இன்னொன்று ஒட்டிய உறையில், என் பையில். நான் அளந்து முடித்த பிறகுதான் உறையைத் திறந்து ஒப்பிட வேண்டும். லீவு கேட்டால் முறைக்கிற ஆஸ்பத்திரி, இதற்கென்று மூன்று வாரம் கொடுத்தது. ஊர் திரும்பிய மறுநாள் சர்ஜனுக்குப் பதில் சொல்ல வேண்டும். கத்தியா, ஊசியா? எனக்கு அந்த உறைதான் ஜாதகம்.

கிருஷ்ணன்குட்டி அந்த உறையையும் கண்டுபிடித்துவிட்டார். "திறங்க."

"திறந்தா இரண்டு வருஷ வேலை பாழ் சார். காலில் வேணாலும் விழறேன், இதை மட்டும் திறக்காதீங்க."

ஒரு மணி நேரம் வாதாடினேன். கடைசியில் ரிஜிஸ்டரில் எழுதினார்: ஊசி டின் ஒன்று, ஒட்டிய உறை ஒன்று, திரும்பும்போது திறந்து காட்ட வேண்டியது. கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். அன்று காலையிலிருந்தே விரல் மரத்துத்தான் இருந்தது. கோழி கிளறினது போல வந்தது கையெழுத்து.

"பாஸ்போர்ட்டில் இருக்கிற கையெழுத்து இது இல்லையே?"

"கை சரியில்லை சார். அதுக்காகத்தான் வந்திருக்கேன்."

சந்தேகத்தோடு பார்த்தார். எழுந்தபோது இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுந்தார். வாசல் வரை வந்தவர் குரலைத் தாழ்த்தினார். "சேச்சி, இந்த ஊசி முதுகு வலிக்குக் கேட்குமா?"

"அதைத்தான் நானும் தெரிஞ்சுக்க வந்திருக்கேன்" என்றேன்.

பெருமாட்டியில் என் தங்கை ருக்குமணி வீடு. சந்தகையும் தேங்காய்ப் பாலும் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். சந்தகையைப் பினாங்கில் இடியப்பம் என்பார்கள், அது கிடைக்கும், தேங்காய்ப் பாலும் கிடைக்கும். ஆனால் அவை இரண்டும் சேர்ந்து இந்த ருசி வருவதில்லை. தண்ணீரா, தேங்காயா, பசியா, எது காரணம் என்று தெரியாது. காரணம் தெரியாத காரியங்கள் அன்றைக்கே ஆரம்பித்துவிட்டன.

ருக்குமணியும் மாத்யூவின் ஆராய்ச்சியில் ஒரு ஆள். தோளைத் தூக்கித் தலை பின்ன முடியாமல் ஆறு மாதம் கிடந்தவள், என் கண் முன்னால் கையைத் தூக்கிப் பரணிலிருந்து அண்டாவை இறக்கினாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பேசாமல் சர்ஜனுக்கு அன்றைக்கே கடுதாசி போட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

"ஏனக்கா, அந்தத் தள்ளிக் குத்தற கதை நெசந்தானா? டாக்டரூட்டுக் கம்பவுண்டர் சொன்னான்" என்று கேட்டாள்.

"நெசந்தான்."

"அப்ப எனக்கும் தள்ளிக் குத்தியிருப்பாரா?"

"இருக்கலாம்."

அவளுக்கு வந்ததே கோபம். "அதெப்படி? என்ர தோளு எனக்குத் தெரியாதா? எனக்குச் செரியான எடத்துலதான் குத்துனாரு. தள்ளிக் குத்தியிருந்தா அண்டா எறங்குமா? காசு குடுத்து வைத்தியம் பண்றவங்களுக்கு இப்பிடிப் பண்ணுவாங்களா, இல்ல நாங்க தோட்டத்துக்காரங்கன்னு எளக்காரமா?"

பரிசோதனை என்றால் அப்படித்தான் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஆனால் தங்கை முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல மனசு வராமல், அவள் இறக்கிய அண்டாவைக் கழுவப் போனேன்.

மறுநாள் வாயனசாலையில் மேஜை போட்டு உட்கார்ந்தேன். மலையாளத்தில் படிப்பகத்துக்கு அப்படிப் பெயர். பிரஷர் பார்க்கும் பெட்டியின் பட்டையைச் சுருட்டிக் கையில் கொடுத்து அமுக்கச் சொல்ல வேண்டும். பாதரசம் எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு பலம். பிறகு வலி கூடியதா குறைந்ததா என்று கேட்டு எழுத வேண்டும். இவ்வளவுதான் என் வேலை. சின்னப்பிள்ளைகூடச் செய்துவிடும் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

மூன்றாவதாக வந்தவர் ராமசாமி. தோப்புத் தோப்பாகப் போய்த் தேங்காய் உரிக்கிறவர், முழங்கையில் வலி. பட்டையை அமுக்கினார். பாதரசம், ஆரம்பத்தில் மாத்யூ அளந்ததற்கும் கீழே நின்றது.

"வலி எப்படிங்க இருக்கு?"

"அட, கூடிப் போச்சுங்க. ராத்திரியெல்லாம் தூக்கமே இல்லீங்க."

எழுதப் போனேன். அவர் அவசரமாக மேஜையைப் பிடித்துக்கொண்டார். "ஏனுங்க, கூடிப்போச்சுன்னு எழுதிப்போடாதீங்க. டாக்டரு தங்கமான மனுசனுங்க. மழையில நனைஞ்சுக்கிட்டு வந்து குத்தீட்டுப் போறாருங்க. கொறஞ்சிருச்சுன்னே எழுதிக்கோங்க. அவரு மனசு நொந்துருமுங்க."

"நான் உள்ளதைத்தான் எழுதணும்."

"உள்ளத எழுதி என்னுங்க பண்ணப் போறீங்க?" என்று நிஜமாகவே ஆச்சரியப்பட்டார்.

அதற்கப்புறம் வந்த ஒவ்வொருவர் சொன்னதும் எனக்குச் சந்தேகமாகிவிட்டது. "பரவாயில்லீங்க" என்றால் வலி பரவாயில்லையா, அல்லது டாக்டருக்காகப் பரவாயில்லையா? மரியாதையை எந்தப் பட்டையில் சுருட்டி அளப்பது? சாயங்காலம் மாத்யூவிடம் முறையிட்டேன். முப்பத்தைந்து வயசு, ஒல்லியான மனிதர், எப்போதும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே பேசுவார். "ஒருத்தர் சொல்வதை நம்ப வேண்டாம், இரண்டு பேரையும் நம்ப வேண்டாம். எல்லாரையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்தால் உண்மை மேலே வரும். இடுக்கி மலையில் நான் முகாம் நடத்தும் தேயிலை எஸ்டேட்டைப் பாருங்கள், அங்கே கணக்கு சுத்தமாக இருக்கிறது" என்றார். எஸ்டேட் என்றபோது அவர் முகம் மலர்ந்ததை நான் கவனித்தேன். அங்கே கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு என்னைப் போலவே மணிக்கட்டிலும் விரலிலும்தான் கோளாறு. என் பதிலும் அங்கேதான் இருந்தது.

கேரளாவிலிருந்து கேரளாவுக்குப் போக, கேரளாவை விட்டு வெளியே போக வேண்டியிருக்கிறது. பாலக்காட்டுப் பக்கம் எல்லை தாண்டித் தமிழ்நாடு, மறுபடி எல்லை தாண்டி இடுக்கிப் பக்கம். மாத்யூ ஜீப்பில் முன்னால் போய்விட்டார். அதில் மருந்துப் பெட்டிகள் இருந்ததால் எனக்கு இடமில்லை. நான் பஸ்ஸில். ஏற்றத்தில் பஸ் பெருமூச்சு விட்டு நின்று, முன்பக்கமெல்லாம் ஆவி. டிரைவர் இறங்கி, "தண்ணி வெச்சிருக்கறவங்க குடுங்க" என்று கேட்டார். ஆளாளுக்குக் கூஜாவையும் பாட்டிலையும் நீட்டினார்கள். நானும், நர்ஸ் புத்தியில் காய்ச்சி ஆற வைத்துக் கொண்டுவந்த தண்ணீரை நீட்டினேன். அது முழுக்க ரேடியேட்டருக்குள் போயிற்று. பினாங்கு பஸ்களுக்குக்கூட இந்த உபசாரம் நடந்திருக்காது.

பின் சீட்டில் ஒரு மலையாளத் தம்பதி சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். "பல்வலி அந்த மந்திரவாதி கயிறு கட்டியதால்தான் போச்சு" என்கிறாள் மனைவி. "பல்லைப் பிடுங்கியதால் போச்சு" என்கிறான் கணவன். "கயிறு கட்டின பிறகுதானே பிடுங்கினார்கள்?" என்று அவள் மடக்க, அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். சிரிப்பாக வந்தது. கொஞ்ச தூரம் போனதும் சிரிப்பு நின்றுவிட்டது. நான் செய்யப் போவதும் கிட்டத்தட்ட அதே பஞ்சாயத்துதான்.

மறையூரில் கட்டன் சாயா என்கிற பால் விடாத டீயும் அந்த ஊர் வெல்லமும் வாங்கினேன். டீயைக் குடித்துக்கொண்டு வெல்லத்தைக் கடிக்க வேண்டும். எங்கள் ஊரில் கோப்பி-ஓ என்று கறுப்பாக ஒன்று தருவார்கள், அடியில் சர்க்கரை கல்லாய்க் கிடக்கும். அதைவிட இது நன்றாக இருந்தது. இடது கையால் கிளாஸைப் பிடித்துக்கொண்டு குளிரில் நடுங்கினேன்.

எஸ்டேட்டில் பிள்ளைக் காப்பகக் கட்டடத்தில் முகாம். கொழுந்துக் கூடைகளை வாசலில் இறக்கிவிட்டுப் பெண்கள் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருத்திக்கும் ஒரு சீட்டு. அதில் பெயர், நம்பர், ஒவ்வொரு தடவை ஊசி போட்டதற்கும் கட்டம். கடைசி வாரம் என்பதால் ஒன்றுவிட்டு ஒரு நாள் மூன்று தடவை ஊசி. மூன்று கட்டம்தான் பாக்கி. என் லீவு முடியப்போவதால் அதற்கு முன்னாலேயே நான் அளந்துவிட வேண்டும். மாத்யூ அன்றைக்குக் காலையில் எஸ்டேட் ஆபீசில் இருந்தார். நான் தனியாக ஆரம்பித்தேன்.

கணக்கு அவர் சொன்னபடி சுத்தமாகத்தான் இருந்தது. பாதரசம் மளமளவென்று ஏறியது. எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. பன்னிரண்டாம் நம்பர், பொன்னுத்தாய். ஆரம்பத்தில் மிகவும் பலவீனமாக இருந்த கை, இப்போது பட்டையைப் பிழிந்து எடுத்தது. "அடேயப்பா!" என்றேன். மாத்யூ முதல் நாள் எழுதிய குறிப்பை ஆசையாகப் புரட்டிப் பார்த்தேன். 'வலது சுண்டுவிரலில் பழைய வெட்டுத் தழும்பு' என்று இருந்தது.

என் முன்னால் இருந்த கையில் தழும்பே இல்லை.

"உங்க பேரென்ன?"

"பொன்னுத்தாயி."

"தழும்பு எங்கே?"

பெஞ்சு முழுவதும் கசமுசவென்று சிரிப்பு. "ஏ செல்லக்கனி, மிஸ்ஸி கேக்காகல்ல, சொல்லிருட்டி" என்று ஒருத்தி கத்தினாள். நர்சுகளை இங்கேயும் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

"பொன்னுத்தாயி கொழுந்துக்குப் போயிருக்கா மிஸ்ஸி. நான் அவளுக்குப் பதிலு" என்றாள் செல்லக்கனி, ரொம்பச் சாதாரணமாக.

உண்மையான பொன்னுத்தாய் மத்தியானம்தான் வந்தாள். முப்பது வயசிருக்கும், தலையில் போட்ட சாக்குத் துணியை எடுத்துவிட்டுச் சுண்டுவிரல் தழும்பைக் காட்டினாள். அவள் சொல்லச் சொல்ல நான் பேனாவை மூடிக் கீழே வைத்தேன்.

"காலையில பெரட்டுல, வேலைக்கு நிக்க வரிசையில, பேரு வாசிப்பாக மிஸ்ஸி. புள்ளைக்குக் காய்ச்சலு, நமக்கு மாசத் தூரம், ஏதாச்சும் ஒண்ணு இருக்கும். பேரு வெட்டிரக் கூடாதுல்ல? அதனால பக்கத்து லயத்து வீட்டுக்காரி ஒருத்தி 'இருக்கேன்'னு சொல்லி எம் பேருல கூடையத் தூக்கிருவா. அவளுக்கு ஒண்ணுன்னா நான் போவேன். கங்காணிக்கும் தெரியும், கண்டுக்கிட மாட்டாரு. அப்பிடித்தான் இந்தச் சீட்டும். மொத ரெண்டு வாரம் நான் வந்தேன். அப்புறம் புள்ளைக்கு அம்மை. ஊசி வீணாப் போயிருமேன்னு செல்லக்கனிய அனுப்புனேன். நடுவுல மூணு தடவ மாரியம்மா. அவளுக்குத்தான் எங்க எல்லாரவிடயும் கை வலி சாஸ்தி, ஆனா சீட்டு கெடைக்கல. பாவமில்லையா மிஸ்ஸி?"

"உன் சீட்டு மட்டும்தானே இப்படி?"

"எல்லாச் சீட்டும் அப்பிடித்தான்."

"டாக்டர் கவனிக்கலையா?"

"அவரு எங்க மொகத்த எங்க பாக்காரு? நம்பரக் கேப்பாரு, மணிக்கட்டத் தடவுவாரு, குத்துவாரு. நல்ல மனுசன்."

"சரி, மூணு பேரில் யாருக்குக் கை தேறியது?"

"எனக்கு" என்றாள் பொன்னுத்தாய். "எனக்குந்தான்" என்றாள் செல்லக்கனி. பின்னாலிருந்து மாரியம்மா, "எனக்கும் தேவலை. ஊசியோ என்னமோ, முகாம் அன்னைக்கு அரை நாள் கை சும்மா இருந்துச்சுல்ல, அதுவே சொகம்" என்றாள்.

மத்தியானம் கருவாட்டுக் குழம்பு கொடுத்தார்கள். நான் வாயைத் திறக்காமல் இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்தேன், மறைக்காமல் சொல்கிறேன். தழும்பை நான் பார்க்கவில்லை என்று வைத்துக்கொண்டால் போதும். சாயங்காலம் உறையைத் திறப்போம். கோடு போட்டால் சரியான இடம், சுழி போட்டால் தள்ளிக் குத்தியது. இரண்டையும் தனித்தனியாகக் கூட்டி ஒப்பிட்டால் ஒரு விடை வந்துவிடும். மாத்யூ பிழைத்துக்கொள்வார். நானும் கத்தியா ஊசியா என்று முடிவு செய்துவிடலாம். ஆனால் அந்த விடையை நம்பி என் கையை நானே எப்படி ஒப்படைப்பது? ஆராய்ச்சி செய்கிறவர்களில் அது பொய் என்று அறிந்த ஒரே ஆள் நான்தானே!

மாத்யூ வந்ததும் சொல்லிவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. சும்மா பிடித்துக்கொண்டு நின்றார். "இரண்டு வருஷம்" என்றார். "நான் அவர்கள் முகத்தைப் பார்க்கவே இல்லை. யாருக்கு எது என்று என் முகம் காட்டிக்கொடுத்துவிடக் கூடாதே என்று கையை மட்டும் பார்த்தேன்" என்றார். நான் எத்தனையோ பேருக்குச் சாவுச் செய்தி சொன்னவள். இந்த மனிதரைப் பார்க்க அன்றைக்குத் தாங்கவில்லை.

பெண்கள் விஷயத்தை மோப்பம் பிடித்துவிட்டார்கள். பொன்னுத்தாய் வந்து, "சீட்டப் புடுங்கிருவாகளா மிஸ்ஸி?" என்றாள்.

"பிடுங்க மாட்டார். ஆராய்ச்சி போச்சு, ஊசி உண்டு."

"அப்ப ஒண்ணு சொல்லுதேன். வந்ததுலருந்து நீங்க கைய ஒதறிக்கிட்டே இருக்கீக. டம்ளர எடக் கையாலதான் புடிக்கீக. எங்கிட்ட மூணு கட்டம் காலியா கெடக்கு. நீங்க வந்து எம் பேருல உக்காந்துருங்க."

சிரித்துவிட்டேன். பிறகு சிரிப்பு நின்றது. அதுவரை எனக்குத் தோன்றாத யோசனை. எல்லார் கணக்கும் குழம்பிப் போயிற்று. ஆனால் என் ஒருத்தி கணக்கு குழம்பவில்லையே? பன்னிரண்டாம் நம்பருக்குக் கோடா சுழியா என்று எனக்குத் தெரியாது. அதன்படியே எனக்கும் குத்தட்டும். கை தேறி, உறையில் கோடு இருந்தால் ஊசியை நம்புவேன். கை தேறாவிட்டாலும், தேறி உறையில் சுழி இருந்தாலும் கத்திதான். மனசுக்குள் சத்தியம் செய்துகொண்டேன்.

மாத்யூவிடம் சொன்னபோது ஒத்துக்கொள்ளவில்லை. "தெரிந்தே உங்களுக்குத் தள்ளிக் குத்தவா?" என்று கத்தினார்.

"தள்ளித்தான் குத்தப் போறீங்களா?"

கம்பவுண்டர் பக்கம் திரும்பினார். அப்புறம், "அடுத்தவர்" என்றார்.

"பன்னெண்டு, பொன்னுத்தாயி!" என்று கம்பவுண்டர் கூப்பிட்டான். பெஞ்சிலிருந்து ஒரு கை என்னைத் தள்ளியது. "இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டு போய் உட்கார்ந்தேன். அந்த முறை மாத்யூ என் முகத்தைப் பார்த்தார். மணிக்கட்டைத் தடவி, விரலால் அளந்து, குத்தினார். எறும்பு கடித்த மாதிரி. அந்த இடம் சரியா தள்ளியா என்று எனக்கு விளங்கவில்லை. ஆபரேஷன் அறையில் இருபது வருஷம் நின்றவள், என் கையில் ஒரு விரற்கடை தூரம் எனக்குப் புரியவில்லை!

இரண்டு தடவை போட்டுக்கொண்டேன். நடுவில் வேலை ஒன்றும் இல்லை. தேயிலைக்கு நடுவே நடந்தேன், கப்பை என்கிற மரவள்ளிக்கிழங்கு தின்றேன், பொன்னுத்தாயின் பிள்ளைக்குக் கதை சொன்னேன். ஐந்தாம் நாள் காலையில் லயத்து வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அவள் என்னையே பார்த்தாள்.

"என்ன பார்க்கறே?"

"டம்ளரு எந்தக் கையில இருக்கு, பாருங்க."

வலது கையில் இருந்தது. எப்போது மாற்றினேன் என்றே தெரியவில்லை. கட்டைவிரலில் சூடு உறைத்தது. கடவுளே, ஒரு வருஷமாகிறது சூடு உறைத்து! அவளைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டேன்.

மூன்றாவது ஊசி அன்று மத்தியானம். என் பஸ்ஸோ காலையிலேயே. பொன்னுத்தாய் சீட்டை என் பையில் வைத்தாள். "ஒரு கட்டம் பாக்கி இருக்கு. போற வழியில யாருக்காவது வலிச்சா குடுத்துருங்க. வீணாக்காதீக." மாத்யூ, "உறையைத் திறந்தீர்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். திறக்கத் தைரியம் வரவில்லை.

என் துணிப்பெட்டி பெருமாட்டியில் ருக்குமணி வீட்டில் இருந்தது. மலைக்குப் போகும்போது பஸ் வேறு செக்போஸ்ட் வழியாகப் போயிருந்தது; பெட்டியை எடுக்கத் திரும்பும் வழியில் கோவிந்தாபுரம். கிருஷ்ணன்குட்டி என்னைப் பார்த்ததும் ரிஜிஸ்டரைப் புரட்டினார். மறப்பாரா? "ஒட்டிய உறை ஒன்று, திரும்பும்போது திறந்து காட்ட வேண்டியது."

"சார், இப்போ அது எதுக்கு?"

"எழுதியிருக்கு சேச்சி."

கிழித்துவிட்டார். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். ஒன்று, கோடு. இரண்டு, சுழி. மனிதர் வரிசையாக உரக்கப் படித்தார். காதைப் பொத்திக்கொள்ளலாமா என்று தோன்றியது. பத்து, கோடு. பதினொன்று, கோடு. பன்னிரண்டு, சுழி.

அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தார். எல்லாவற்றையும் அவரிடம் கொட்டித் தீர்த்தேன். தள்ளிக் குத்தியிருக்கிறார்கள், என் சத்தியப்படி இனி கத்திதான் என்றேன்.

அவர் நிதானமாகக் கேட்டார். "கை இப்போது எப்படி?"

"நல்லாயிருக்கு."

"நல்லாயிருக்கிற கையை எதற்கு வெட்டுகிறார்கள்?"

சொல்ல வாயெடுத்தேன். ஊசி காரணமில்லை, வேலை செய்யாமல் இருந்தது காரணமாக இருக்கலாம், நம்பிக்கை காரணமாக இருக்கலாம், மறுபடியும் மரத்துப் போகலாம். இத்தனையும் மனசில் வந்தது. எளிமையான கேள்வி, ஆனால் இத்தனை காரணங்களுக்கு நடுவிலும் அதுதான் நேராக நின்றது. அவருடைய மேஜையிலேயே தாள் வாங்கி, தேதியை ரத்து செய்யச் சொல்லி சர்ஜனுக்கு நாலு வரி எழுதினேன். வலது கையால்தான் எழுதினேன். ஏன் என்று அதில் எழுதவில்லை. எழுதத் தெரிந்தால்தானே?

ரிஜிஸ்டரை நீட்டினார். கையெழுத்துப் போட்டேன். பாஸ்போர்ட்டை விரித்து இரண்டையும் பக்கத்தில் வைத்து வெகு நேரம் பார்த்தார்.

"இப்போது ஒத்துப்போகிறது" என்றார்.

என்னை அனுப்ப எழுந்தார். இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டு. நான் பையைத் திறந்து பன்னிரண்டாம் நம்பர் சீட்டை எடுத்து அவர் கையில் வைத்தேன்.

"கொல்லங்கோட்டில் டாக்டர் மாத்யூ. ஒரு கட்டம் பாக்கி இருக்கு சார். பேர் கேட்டா, பொன்னுத்தாய்னு சொல்லுங்க."